செம்பில் அடித்த பெயர்

அத்தியாயம் 11

"ஒரு தட்டுகூட அந்த அலமாரியை விட்டு இறங்கக் கூடாது."

குலாம் காதிர் இதைச் சொன்னபோது தஸ்லீமா பன்னிரண்டாவது தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு இறங்கிடுச்சு பாய்ஜான். இது மட்டும் அங்கே தனியா என்ன பண்ணும்?"

காதிர் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவள் கணவனின் அண்ணன். ஐம்பத்தேழு வயது. முழங்கால் வரை தொங்கும் பெரன் அங்கிக்குள் காங்கிரிச் சட்டியின் கனலை அணைத்துப் பிடித்திருந்தார். கைகள் இரண்டும் உள்ளே. வெளியே சட்டைக் கைகள் காலியாக ஆடின.

மைனஸ் ஏழு. சில்லய் கலான் என்கிற நாற்பது நாள் கொடுங்குளிரில் இது பதினெட்டாவது நாள். குழாயில் தண்ணீரைப் பார்த்து மூன்று நாள் ஆகிறது.

"மூணு மணிக்கு யார் வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இன்ஷாவைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க."

"வந்து முதல்ல எதைப் பாப்பாங்க?"

"இன்ஷாவை."

"அலமாரியைப் பாப்பாங்க. செம்பு எத்தனை, பளபளப்பு எத்தனை. பொண்ணு அப்புறம்தான்."

அதில் பொய்யில்லை. ஸ்ரீநகரின் பழைய தெருக்களில் ஒரு வீட்டின் நிலவரத்தை அதன் சமையலறை அலமாரி சொல்லிவிடும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் விருந்துத் தட்டுகள், மூடிகள், கூஜாக்கள், அண்டாக்கள் எல்லாம் செம்பு. காதிரின் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் மகள் இன்ஷாவை வளர்த்தது தஸ்லீமாதான். வரும் விருந்தாளிகளுக்குச் சமைக்கப் போவதும் அவள்தான். அலமாரியைக் காலி செய்வதும் அவளேதான்.

"இந்தச் செம்பு வீட்டோட கௌரவம், தஸ்லீமா."

அவள் பன்னிரண்டாவது தட்டைக் கவிழ்த்து அவர் முன்னால் நீட்டினாள். அடியில் உளியால் அடித்த எழுத்துகள் வரிசையாக இருந்தன. 'தஸ்லீமா, நூருதீன் மகள்.' விருந்துக்கு இரவல் போகும் பாத்திரம் இன்னொரு வீட்டோடு கலந்துவிடக் கூடாது என்று எல்லாரும் பேர் அடித்து வைப்பார்கள். அவள் அப்பா கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் அடிக்க வைத்தார்.

"இதுல கௌரவத்தோட பேர் எங்கே இருக்கு? காட்டுங்க."

காதிர் பார்க்கவில்லை.

"சாச்சி, சாக்கு ரெண்டு போதுமா? இன்னொண்ணு கொண்டுவரட்டுமா?" இன்ஷா மாடிப்படியில் இறங்கி வந்தாள். இருபத்து நாலு வயது. பெண் பார்க்க வருகிற நாளில் தலையில் கம்பளித் தொப்பியும் கையில் கோணிச் சாக்கும்.

"நீ போய் முகத்தைக் கழுவு" என்றார் காதிர்.

"எதுல பாபா? குழாயைத் தட்டினா கட்டிதான் விழுது. அதை வெச்சு முகத்தைத் தேச்சுக்கவா?"

தஸ்லீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கின் வாயைக் கட்டினாள்.

"சமோவாரை விட்டு வெச்சிருக்கேன் பாய்ஜான். உப்புத் தேநீர் அதுலதான் கொதிக்கும். அவங்க குடிச்சுட்டுப் போகட்டும்."

எப்படி இந்த வீடு இந்த நிலைமைக்கு வந்தது?

போன குளிர்காலத்தில் தகரக் கூரையில் பனியைத் தள்ள ஏறிய அவள் கணவன் மெஹ்ராஜ் வழுக்கி விழுந்தான். இடது முழங்கால் நொறுங்கியது. இரண்டு அறுவை சிகிச்சை. சுமோ வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இடது கால் என்றால் கிளட்ச். "வசந்தத்துக்குள்ள மடங்கணும். தினம் ரெண்டு வேளை சுடுதண்ணி ஒத்தடம், சூடான தரையில பயிற்சி. விட்டா அப்படியே இறுகிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காதிர் கீஸர் வாங்கித் தந்தார். மின்சாரம் இருக்கும் நேரத்தில் தண்ணீர் உறைந்திருக்கும்; தண்ணீர் இளகும் நேரத்தில் மின்சாரம் போயிருக்கும். போன வாரம் அந்தக் கீஸரும் வயிற்றில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகி, வெடித்துச் செத்தது.

அன்றைக்கே தஸ்லீமா சொன்னாள்: "ஹமாம் கட்டப்போறேன்."

கீழ் அறையின் தரைக்கு அடியில் குழி எடுத்து, மேலே கனத்த கல் பாவி, வெளியிலிருந்து விறகு போடுவதுதான் ஹமாம். அடுப்புக்கு நேர் மேலே சுவருக்குள் ஒரு செம்புத் தொட்டி. காலையில் விறகு போட்டால் ராத்திரி வரை தரை சுடும், தொட்டித் தண்ணீரும் சுடும். மின்சாரத்தை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

கல், செங்கல், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார் கொத்தனார் ரம்ஸான். ஏழு வருஷம் பெரன் தைத்துச் சேர்த்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. தொட்டி தனி, அதுவும் செம்பு. அவள் தலையை நிமிர்த்தினாள். அலமாரி தெரிந்தது.

காதிருக்கு அலமாரியைவிடப் பெரிய தகராறு அந்தக் கீழ் அறைதான். "வேற எங்கே வேணும்னாலும் கட்டு. அங்கே வேண்டாம்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டால் ஒருநாள் ஈரம் என்பார், ஒருநாள் எலி என்பார், மறுநாள் அறையை வாடகைக்குக் கேட்டு ஆள் வருகிறான் என்பார்.

வேறு எங்கேயும் கட்ட முடியாது. மேல் தளம் கல்லைத் தாங்காது. மெஹ்ராஜால் முற்றத்தைத் தாண்ட முடியாது. இன்று காலை ஒன்பது மணிக்கு ரம்ஸான் கடப்பாரையோடு வந்து அந்த அறைக்குள் இறங்கியாயிற்று.

*

மாடி அறையில் மெஹ்ராஜ் ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். நாற்பத்து மூன்று வயது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி பூத்திருந்தது.

தஸ்லீமா கழுத்திலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். "மடக்குங்க."

அவன் பல்லைக் கடித்து மடக்கினான். குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவே அவள் டேப்பை வைத்தாள்.

"அக்டோபர்ல பதினொரு இஞ்ச் இருந்துச்சு. இன்னிக்குப் பதினாறு."

"குளிர்ல எல்லாமே கொஞ்சம் இறுகும். வெயில் வந்தா தானா இளகிடும்."

"டாக்டர் சொல்லாததை நீங்க சொல்லாதீங்க."

அவன் ரஜாயைக் கால்மேல் இழுத்துவிட்டான். பிறகு, "செம்புப் பட்டறையில சிராஜ் உஸ்தாத் முதல்ல பேரைத்தான் அடிச்சு நிமித்துவாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"உங்கப்பா அடிக்க வெச்ச பேரு. என் காலுக்காக உன் பேரை நசுக்கணுமா?"

"என் பேர் எனக்கு ஞாபகம் இருக்கும்." டேப்பைச் சுருட்டினாள். "கிளட்சை மிதிக்க எத்தனை இஞ்ச் வேணும்?"

"பத்து போதும்."

"அப்போ ஆறு இஞ்ச் பாக்கி. அதை அலமாரியில தேடிப் பாத்தேன், அங்கே இல்ல."

"பாய்ஜான் கோவப்படுவாரு, தஸ்லீமா."

"பட்டுட்டாரு. அது முடிஞ்ச விஷயம்."

*

ஜைனா கதல் பாலத்தருகே சிராஜுதீனின் பட்டறை. ஆட்டோவிலிருந்து சாக்குகளை இறக்கியதும் அவர் ஒவ்வொரு பாத்திரமாகத் தராசில் ஏற்றினார். தட்டுகள், மூடிகள், இரண்டு அண்டா, கை கழுவும் கூஜா, கிண்ணிகள். கடைசியில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதினார்.

"முப்பத்து நாலு. முப்பத்தெட்டு வேணும்."

"கொஞ்சம் சின்னத் தொட்டியா பண்ணுங்க."

"மகளே, நம்ம ஊர்த் தண்ணி எப்படி வருது? பனிக்கட்டிக்குத் தம்பி மாதிரி வருது. ரெண்டு செம்பு மொண்டதும் ஜில்லுன்னு ஆகிற தொட்டி எதுக்கு? அதுக்கு இந்தத் தட்டுகளை அலமாரியிலேயே விட்டு வைக்கலாம். அழகாவாவது இருக்கும்."

"இரும்பைக் கலந்து?"

"ரெண்டு வருஷத்துல சிவப்புத் தண்ணி வரும். உன் வீட்டுக்காரர் குளிச்சுட்டு வந்தா மருதாணி வெச்ச மாப்பிள்ளை மாதிரி இருப்பாரு."

தஸ்லீமா யோசிக்கவில்லை. யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "நாலு கிலோவை நீங்க போடுங்க. ஏப்ரல்லேர்ந்து உங்க சரக்கு எங்கே போகணுமோ எங்க சுமோவுல போகும். கழிஞ்சுடும்."

சிராஜுதீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கால் மடங்கலைன்னா?"

"மடங்கும்."

"மடங்கலைன்னா?"

"நான் ஓட்டக் கத்துக்கிறேன்."

கிழவர் மீசைக்குள் ஏதோ முனகினார். பென்சிலால் முப்பத்து நாலை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினார்.

அப்போது போன் அடித்தது. காதிர்.

"எங்கே இருக்கே?"

"பட்டறையில."

"அடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்போ கேட்டுக்கோ." குரல் தாழ்ந்தது. "தட்டா இருக்கிற வரைக்கும் அது உன்னோடது. நாளைக்கே நீ தூக்கிட்டுப் போகலாம், யாரும் கேக்க முடியாது. தொட்டியாக்கிச் சுவர்ல வெச்சுப் பூசிட்டா அது வீட்டோடது. வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். மெஹ்ராஜ் சிறுவனாக இருந்தபோதே அவர்கள் அப்பா எல்லாவற்றையும் மூத்தவன் பேரில் எழுதிவிட்டார்.

 இருபது வருஷமாக இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது இந்த முப்பத்து நாலு கிலோதான். எந்த நாளிலும் சாக்கில் கட்டி எடுத்துப் போகக்கூடிய ஒரே சொத்து. அதைத்தான் இன்று அவருடைய சுவருக்குள் வைத்துப் பூசப் பார்க்கிறாள்.

"பத்திரம் யார் பேர்ல இருந்தாலும் தண்ணி சுடும் பாய்ஜான்" என்றாள். போனை அணைத்தாள்.

சிராஜுதீன் முதல் தட்டைப் பட்டடைமேல் கவிழ்த்து வைத்தார். அவள் பேர் மேலே பார்த்தது. சுத்தியலை அவளிடம் நீட்டினார்.

"என் பட்டறை வழக்கம். பேர் மேல முதல் அடி சொந்தக்காரங்க அடிக்கணும். நாளைக்கு யாரும் வந்து நான் கேக்காம அழிச்சேன்னு சொல்லக் கூடாது."

சுத்தியல் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எழுத்துகளின் ஓரத்தில் ஈயம் தேய்ந்து செம்பு சிவந்து தெரிந்தது. 'நூருதீன் மகள்' என்ற இடத்தில் ஒரு புள்ளி கூடுதலாக விழுந்திருக்கும். அன்றைக்குக் கடைக்காரனிடம் அப்பா அதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்.

அவள் அடித்தாள். பட்டறை முழுதும் மணி மாதிரி ஒலித்தது. மறுபடி அடித்தாள்.

"ஒண்ணு போதும், மகளே."

"தெரியும்" என்று சொல்லி மூன்றாவதும் அடித்தாள். "தொட்டி என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை. முகப்புல என்ன பேர் போடட்டும்?"

பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை இன்ஷா.

"சாச்சி, சீக்கிரம் வாங்க. ரம்ஸான் உஸ்தாத் வேலையை நிறுத்திட்டாரு. தரைப் பலகைக்கு அடியில ஏதோ இருக்கு. பாபா பலகையைத் திரும்பப் போடச் சொல்லிக் கத்தறாரு."

*

இரண்டரை மணிக்கு அவள் கீழ் அறைக்குள் நுழைந்தபோது பலகைகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ரம்ஸான் நடுவில் குந்தியிருந்தார். அவர் உட்கார்ந்திருந்தது மண்மேல் அல்ல, வழவழப்பான சாம்பல் நிறக் கற்கள்மேல்.

"எனக்கு இங்கே வேலை கம்மி" என்றார். "யாரோ எனக்கு முன்னாடியே பண்ணி வெச்சிருக்காங்க. கல்லுக்கு அடியில கையை விட்டுப் பாத்தேன். புகைக்கரி. இது ஹமாம்தான். நல்ல கை கட்டினது. கல்லுக்குன்னு எடுத்து வெச்ச பணம் உங்களுக்கு மிச்சம்."

"இந்த வீட்டுல ஹமாம் இருந்ததே இல்லைன்னு சொன்னாங்களே."

"சொன்னவங்ககிட்டயே கேளுங்க."

காதிர் பின்கதவு வாசற்படியில் நின்றிருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

ரம்ஸான் மேற்குச் சுவரைக் காட்டினார். காரையைத் தட்டி எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு பொந்து. ஒரு தொட்டி உட்கார்ந்திருந்த இடம். தொட்டி இல்லை. ஆனால் அதைச் சுற்றிப் பூசிய கலவை, அச்சு எடுத்தது போல அப்படியே இருந்தது. அதில் எழுத்துகள் புடைத்திருந்தன, இடம் வலம் மாறி.

"தொட்டியில அடிச்சிருந்த பேரு ஈரக் கலவையில பதிஞ்சிருக்கு சாச்சி." இன்ஷா ஏற்கெனவே கைக்கண்ணாடியோடு நின்றிருந்தாள். இன்றைக்கு அலங்காரத்துக்கென்று எடுத்து வைத்த கண்ணாடி. அதைப் பொந்துக்கு எதிரே பிடித்தாள். எழுத்துகள் கண்ணாடிக்குள் நேராகின.

'முக்தா, அஸீஸ் மகள்.'

படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு கால், ஊன்றுகோல், பிறகு இன்னொரு கால். மெஹ்ராஜ். ஒரு மாதமாக அந்தப் பதினாலு படிகளை அவன் இறங்கியதில்லை. இன்ஷா ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்த்தாள். தஸ்லீமா கண்ணாலேயே நிறுத்தினாள்.

அவனாகவே வந்தான். நெற்றியில் வேர்வை. கண்ணாடியில் பார்த்தான்.

"மோஜி" என்றான். அம்மா.

அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது போய்ச் சேர்ந்தவள். முகம் ஞாபகமில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் பேரை எழுத்தில் பார்ப்பதே இப்போதுதான். அந்தப் பொந்தின் ஓரத்தை விரலால் தடவினான்.

"அவளும் தன் செம்பை உருக்கியிருக்கா" என்றாள் தஸ்லீமா மெதுவாக.

"பலகையைப் போடுங்க" என்றார் காதிர். "உஸ்தாத், உம்மகிட்டதான் சொல்றேன். இன்னும் அரை மணியில ஆளுங்க வர்றாங்க."

ரம்ஸான் தாடியைச் சொறிந்தார். "எனக்குக் கூலி தர்றவங்க சொல்லட்டும்."

"போடாதீங்க" என்றாள் தஸ்லீமா. "புகைப்பாதை அடைச்சிருக்கா, திறந்திருக்கான்னு எப்படிப் பாக்கறது?"

"ஒரு கைப்பிடி சுள்ளி போதும். கொல்லைப் பக்கம் விறகுக் குவியலுக்குப் பின்னால அடுப்பு வாய் இருக்கு. செங்கல்லை எடுத்துட்டேன்." அவர் எழுந்து ஒரு தகரத்தால் தொட்டிப் பொந்தை மூடி, ஓரத்தில் ஈரச் சாக்கை அடைத்தார். "இப்போ பத்த வைக்கலாம்."

அவள் தீப்பெட்டியோடு பின்கதவு வழியாக வெளியே போனாள். கூரை விளிம்பில் பனி ஈட்டி ஈட்டியாகத் தொங்கியது. சுள்ளிகளை அடுப்பு வாயில் வைத்து உட்கார்ந்தாள்.

காதிர் பின்னாலேயே வந்தார்.

"அதுல தீ வைக்காதே, தஸ்லீமா."

அவள் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த மனிதரின் அதட்டலைக் கேட்டிருக்கிறாள், குத்தலைக் கேட்டிருக்கிறாள். இந்தக் குரலைக் கேட்டதில்லை. இதில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"காரணம் சொல்லுங்க பாய்ஜான். ஈரம், எலி எல்லாம் வேண்டாம். நிஜமான காரணம். நியாயமா இருந்தா குச்சியைக் கீழே போட்டுடறேன்."

அவர் வாசற்படிக்குப் பின்வாங்கினார். 

அவள் பத்து வரை எண்ணினாள். குச்சியைக் கிழித்தாள்.

சுள்ளி பற்றியது. புகை ஒரு கணம் அவள் முகத்தில் அடித்துவிட்டு, யாரோ உள்ளிருந்து மூச்சை இழுத்தது போல அடுப்பு வாய்க்குள் திரும்பியது. பிறகு ஒன்றும் இல்லை. மேலே கூரைக்கு மேல் நின்ற பழைய புகைக்கூண்டிலிருந்து ஏழெட்டுப் புறாக்கள் படபடவென்று வெடித்துக் கிளம்பின. அவற்றுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சாம்பல் நிறக் கோடு எழுந்தது.

"இழுக்குது" என்று உள்ளேயிருந்து ரம்ஸான் சொன்னார். "அருமையா இழுக்குது."

அடுத்த குரல் மெஹ்ராஜுடையது. "தஸ்லீமா. இங்கே வா."

அவள் உள்ளே போனாள். மெஹ்ராஜ் ஊன்றுகோலால் தரையைக் காட்டினான். அறையின் மூலையில், ஒரு கல்லின் குறுக்கே, தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியாகப் புகை நூல் போல மேலே வந்துகொண்டிருந்தது.

ரம்ஸான் குனிந்து முகர்ந்தார். விரலால் வெடிப்பைத் தேய்த்தார்.

"புதுசு இல்ல. உள்ளே கரி படிஞ்சிருக்கு. ரொம்ப வருஷத்து வெடிப்பு." கதவையும் ஜன்னலையும் இன்ஷாவிடம் திறக்கச் சொன்னார். "இப்போ புகை தெரியுது, சுள்ளி ஈரம். காய்ஞ்ச விறகு கனலா நின்னுச்சுன்னா புகையே தெரியாது. மணமும் இருக்காது. இந்த மாதிரிக் குளிர்ல ஜன்னலை அடைச்சுட்டு யாராவது இங்கே படுத்திருந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க."

 

எல்லாரும் காதிரைப் பார்த்தார்கள். அவர் பின்கதவு வாசற்படியிலேயே நின்றிருந்தார். அறைக்குள் கால் வைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த அறைக்குள் அவர் வாசலைத் தாண்டி வந்து தஸ்லீமா பார்த்ததே இல்லை.

"பாய்ஜான்." மெஹ்ராஜின் குரல் அமைதியாக இருந்தது. "மோஜிக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க."

தெருப் பக்கம் கார் ஹார்ன் அடித்தது.

"வந்துட்டாங்க" என்றார் காதிர். யாரையும் பார்க்காமல். "இன்ஷா, மேலே போ. அப்புறம் பேசலாம்."

இன்ஷா கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் கல் தரைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அவங்க கொஞ்சம் காத்திருக்கட்டும் பாபா. செம்பு இல்லாத அலமாரியைத்தானே பாக்கப் போறாங்க. ஓடியா போயிடும்?"

ஹார்ன் மறுபடி அடித்தது.

தஸ்லீமா ரம்ஸானிடம் திரும்பினாள். "அந்தக் கல்லை எடுத்துட்டு வேற கல் போட எத்தனை நாளாகும்?"

"ரெண்டு நாள்."

"ஒரு கல்லோட விடாதீங்க. எல்லாத்தையும் தட்டிப் பாருங்க. சந்தேகம் இருந்தா பெயர்த்துடுங்க. மிச்சம்னு சொன்னீங்களே அந்தப் பணம், அது கல்லுக்கே போகட்டும். மேல் சுவர்ல ரெண்டு காத்துத் துவாரம் போடுங்க. அதை யாரும் துணி வெச்சு அடைக்க முடியாத உயரத்துல."

"இவ்வளவு பாத்ததுக்கு அப்புறமும் கட்டுவியா?" காதிர் கேட்டார். அதட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"தொட்டி வெள்ளிக்கிழமை வருது பாய்ஜான். என் பேரை நானே அடிச்சு அழிச்சுட்டு வந்திருக்கேன். இவருக்கு ஆறு இஞ்ச் பாக்கி இருக்கு. வசந்தம் எனக்காக நிக்காது."

காதிர் பெரனுக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். காங்கிரிச் சட்டியைப் படியில் வைத்தார். 

"எனக்குப் பதினேழு வயசு" என்றார். தம்பியிடம் சொன்னார், ஆனால் கண் அந்த வெடிப்பிலேயே இருந்தது. "நீ அவ பக்கத்துல படுத்திருந்தே. உன்னைத்தான் முதல்ல தூக்கினேன்."  "அன்னிக்குக் காலையில விறகு போட்டது நான்."

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். யாரும் நகரவில்லை. மெஹ்ராஜ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது காலை மெல்ல மெல்ல மடக்கி, அந்தக் கல் தரையில் உட்கார ஆரம்பித்தான்.

தஸ்லீமா படியருகே போனாள். காதிருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவர் வைத்த காங்கிரியை எடுத்து அவர் கைகளுக்குள் திரும்ப வைத்தாள்.

"இந்தத் தடவை விறகை நான் போடறேன்" என்றாள்.